கறுப்பு உளுந்துக்காகப் பினாங்கு போன கதை

பினாங்குக்குப் போகிறேன் என்று சொன்னதும் தெருவில் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒருத்தி தைலம் வாங்கி வரச் சொன்னாள், இன்னொருத்தி ஜாதிக்காய் மிட்டாய். "டூருங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "இல்லீங்க, உளுந்து விஷயமா போறேன்" என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னது உண்மைதான். கோவையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, பருப்பு ஆலைகளுக்குக் கல் பொறுக்கும் இயந்திரம் செய்கிறது. பருப்பு மேலிருந்து அருவியாகக் கொட்டும். வரிசையாக அமைந்த ஒளி சென்சார்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கல்லோ சொத்தையோ கண்ணில் பட்டால் ஒரு காற்றுக்குழல் 'புஸ்'ஸென்று ஊதி அதை மட்டும் வெளியே தள்ளிவிடும். துவரம்பருப்பில் எங்கள் இயந்திரம் கில்லாடி. தோல் உளுந்தில்தான் மானம் கப்பலேறியது. உளுந்தும் கறுப்பு, அதில் கிடக்கும் கல்லும் கறுப்பு. கறுப்பிலிருந்து திரும்பி வரும் வெளிச்சமே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பங்கு வீணாகிக்கொண்டிருந்தது.

எப்படி வீணாகிறது என்று கேட்பவர்களுக்கு நான் மழையைச் சொல்வேன். வாசலில் குடங்களை வரிசையாக வைத்தால், குடத்தின் வாய்க்குள் விழும் மழை நமக்கு. இரண்டு குடங்களுக்கு நடுவே விழுவது தரைக்கு. சென்சார் சிப்பிலும் அப்படித்தான். வெளிச்சத்தைப் பிடிக்கும் கட்டங்களுக்கு நடுவே கம்பிகள் ஓடும் இடம் உண்டு. அங்கே விழுந்த வெளிச்சம் போனது போனதுதான். குடத்தின் வாயில் அகலமான புனலை வைப்பதுபோல, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு குட்டி லென்ஸை அமைத்தோம். தூசியைவிடச் சிறிய லென்ஸ். மூடாத சிப்பை எங்கள் ஆய்வகத்தில் சோதித்தபோது ஒன்றரை மடங்கு வெளிச்சம் கிடைத்தது. முதலாளி எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

அந்த சிப்புகளைப் பினாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினோம். சிப்பைக் கூட்டில் பதித்து, கம்பி இணைத்து, மேலே கண்ணாடி மூடித் தருவது அவர்கள் வேலை. திரும்பி வந்ததைச் சோதித்தால், லென்ஸ் இல்லாத பழைய சென்சாருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. "லென்ஸ் எங்கம்மா போச்சு?" என்றார் முதலாளி. ஒரு வாரத்துக்குள் பதில் கிடைக்காவிட்டால் இந்த வேலையையே மூடிவிட்டு, சென்சாரை வெளியே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பல வருடமாக நான் பிள்ளை போல வளர்த்தது அது. கோபத்தோடுதான் விமானம் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் இறங்கியதும் பசி கோபத்தை முந்திக்கொண்டது. தங்கிய விடுதிக்கு நாலு கடை தள்ளி ஒரு நாசி கண்டார் கடை. நாசி கண்டார் என்றால் சோறும் கறியும். அதற்கு மேல் சொன்னால் பினாங்குக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கடைக்காரர் ராமநாதபுரத்துப் பக்கத்து வம்சாவளி, தொப்பியும் சிரிப்புமாக நின்றிருந்தார்.

"அக்கா, குழம்பு எல்லாம் கலந்து ஊத்தவா? பஞ்சிர் போடவா?"

"பஞ்சிர்னா என்னங்க?"

"வெள்ளம் லா! சோறு முங்கணும். அப்பதான் டேஸ்ட்டு."

அங்கே 'லா' என்றால் நம் ஊர் 'ப்பா' மாதிரி. நான் சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு என்று வரப்பு கட்டிச் சாப்பிடும் ஊர்க்காரி. மீன் குழம்பும் கோழிக் குழம்பும் பருப்பும் ஒரே தட்டில் கலந்து ஓடுவதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தேன். சாப்பிட்ட பிறகு சுளிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தே தாரிக் என்று இழுத்து ஆற்றிய டீயில் மட்டும் அரைக்கிலோ சர்க்கரை இருந்தது. நம் ஊர் டீ மாஸ்டர் பார்த்தால் அழுதுவிடுவார்.

திங்கள் காலை சந்திரன் கார் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் எங்கள் சிப்புக்குப் பொறுப்பான பொறியாளர் இவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், பைராம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். "பசியாறிட்டீங்களா அக்கா?" என்றார். காலைச் சாப்பாட்டை அங்கே பசியாறுவது என்கிறார்கள். இட்லி சாப்பிட்டீர்களா என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. இட்லி இல்லாவிட்டாலும் பதில் சொல்ல முடிகிறதே.

அவர்கள் தொழிற்சாலை இருப்பது பாயான் லெப்பாஸில். அந்தச் சாலை முழுக்கத் தொழிற்சாலைப் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும். நம் அவினாசி சாலையைப் போலவே நெரிசல், ஆனால் ஹாரன் சத்தம் இல்லை. எனக்கு அதுவே காது அடைத்த மாதிரி இருந்தது. "இங்க யாருமே ஹாரன் அடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். "அடிச்சா திரும்பிப் பார்ப்பாங்க அக்கா, வெக்கமா போயிரும்" என்றார் சந்திரன்.

தொழிற்சாலைக்குள் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போர்த்தி, கண் மட்டும் தெரிய உள்ளே விட்டார்கள். குளிர் எலும்பைக் கடித்தது. அங்கேதான் தரக்கட்டுப்பாட்டுத் தலைவி லெட்சுமி அக்காவைச் சந்தித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த வெள்ளை உடைக்குள்ளும் அவர் நடந்து வந்தால் ஆட்கள் வழி விடுகிறார்கள். எங்கள் சென்சார் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

"பாருங்க மேடம். கண்ணாடிக்கும் சிப்புக்கும் நடுவுல ஃபுல்லா பசை. ஒரு பொட்டுக் காத்து இருக்கா சொல்லுங்க?"

இல்லை. ஒரு பொட்டும் இல்லை. பச்சைத் தண்ணீர் போலத் தெளிவான பசை, ஓரம் முதல் ஓரம் வரை நிரம்பியிருந்தது. பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் காற்றிலிருந்து லென்ஸுக்குள் நுழையும்போதுதான் வளையும். வெளிச்சத்தை வளைப்பதில் லென்ஸைப் போலவே இருக்கும் பசைக்குள் லென்ஸை முக்கிவிட்டால், வெளிச்சத்துக்கு அங்கே லென்ஸ் இருப்பதே தெரியாது. நேராகப் போய்க் கம்பியின் மேல் விழும். எங்கள் லென்ஸ் எங்கேயும் போகவில்லை, மூழ்கிக் கிடந்தது.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தொழிற்சாலை காலம் காலமாக எல்இடி விளக்குகள் செய்த இடம். விளக்கின் உள்ளிருந்து வெளிச்சம் வெளியே வருவதற்குப் பசை நிரம்பியிருக்க வேண்டும். காற்றுக் குமிழி இருந்தால் அது குறை. நிரப்பு, நன்றாக நிரப்பு என்பதுதான் அங்கே எல்லோர் கையிலும் ஊறியிருக்கும் பழக்கம். எங்கள் வரைபடத்தில் வேறு விதமாகச் சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மிக நல்ல வேலையைச் செய்திருந்தார்கள். மிக நன்றாகச் செய்ததால்தான் எங்கள் லென்ஸ் மொத்தமும் வீணானது.

"பசை வேண்டாங்க. காத்து இருக்கணும்" என்றேன்.

லெட்சுமி அக்கா சந்திரனைப் பார்த்தார். "இந்த மேடம் என்ன சொல்றாங்க? காத்து வேணுமாம். பசை தண்ணி மாதிரி கிளியரா இருக்கு, வெளிச்சத்த எங்க மறைக்குது?"

முதலாளிக்குப் போன் செய்தேன். அவரும் அதே ராகம். "யூகம் வேண்டாம்மா. நம்பர் காட்டுங்க" என்றார்.

செவ்வாய் முழுக்க அந்த நம்பருக்காக அலைந்தேன். உள்ளே காற்று உள்ள ஒரு சென்சார் துண்டாவது இருந்தால்தான் காட்ட முடியும். புதிதாகச் செய்யச் சொன்னால், காற்று உள்ள துண்டை லெட்சுமி அக்கா சோதனை மேசைக்கே அனுப்ப மாட்டார். சாப்பாட்டு வேளையில் சார் குவே தியாவ் என்கிற வறுத்த நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே சந்திரன் மெதுவாகச் சொன்னார்.

"காத்து உள்ளது இருக்கு அக்கா. ரிஜெக்ட் ஆனது. குமிழி விழுந்துச்சுன்னு சிவப்புத் தட்டுல போட்டு வச்சிருக்கு."

நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நல்ல நூடுல்ஸ், இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

லெட்சுமி அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "முடியாது." சிவப்புத் தட்டுக்குப் போன துண்டு சோதனை மேசைக்குத் திரும்பி வந்த வரலாறு இல்லையாம். ஒன்று தப்பித் தவறி நல்ல துண்டுகளோடு கலந்துவிட்டால் யார் பதில் சொல்வது? நாளைக் காலை முதல் வேலையாக எல்லாவற்றையும் உடைக்கப் போகிறார்களாம்.

"அது எங்க சிப்புங்க!" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

"சிப்பு உங்களோடது. சிவப்புத் தட்டு என்னோடது" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

சந்திரன் என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வராத குறை. மேலாளரிடம் காலையில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். அவர் கார் அன்றைக்கென்று பட்டறைக்குப் போயிருந்தது. "நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்று வீறாப்பாகச் சொன்னேன். தொழிற்சாலைப் பேருந்து விடுதிக்குப் பக்கத்திலேயே நிற்கும், நீல நிறம் என்றார்.

புதன் காலை நீலப் பேருந்து வந்தது. ஏறினேன். முக்காடிட்ட பெண்கள் மலாயில் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒருத்தியின் கல்யாண விருந்தில் ரெண்டாங் என்கிற தேங்காய்ப்பால் கறி தீர்ந்துபோய்விட்டதாம், மாப்பிள்ளை வீட்டார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம். பக்கத்து இருக்கைத் தமிழ்ப் பெண் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். மலாய்க் கல்யாணத்திலும் இதே கதைதானா என்று சிரித்தேன். சிரித்து முடித்து ஜன்னலைப் பார்த்தால் இரண்டு பக்கமும் கடல்.

"தங்கச்சி, பாயான் லெப்பாஸுக்குப் பாலம் ஏறணுமா?"

"ஐயோ அக்கா! இது பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுரு போற பஸ் லா. நீங்க தப்பா ஏறிட்டீங்க."

பினாங்குத் தீவில் நீல நிறப் பேருந்து எத்தனை கம்பெனிக்கு இருக்கிறது என்று சந்திரன் சொல்லவில்லை. கடல் பாலத்தின் நடுவில் இறங்கவும் முடியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கே சிவப்புத் தட்டை உடைக்கப் போகிறார்கள், இங்கே நான் கார்க் கடைகளுக்குப் பேர்போன ஜுருவுக்குச் சுற்றுலா போய்க்கொண்டிருக்கிறேன். சந்திரனைப் போனில் பிடித்தேன்.

"எப்படியாவது நிறுத்துங்க தம்பி!"

"லெட்சுமி அக்காவ நான் எப்படி நிறுத்துறது?" என்றார் பாவம். நியாயமான கேள்விதான்.

ஜுருவில் இறங்கி ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன். திரும்பும் வழியில் பாலத்தில் ஜாம். ஓட்டுநர் சீனர், அமைதியான மனிதர், ஒரு கொய்யாத் துண்டில் உப்புப்பொடி தொட்டு என்னிடம் நீட்டினார். "சாப்பிடுங்க, கோபமா இருந்தா பாலம் நகராது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொய்யாவைத் தின்றேன். பாலம் அப்போதும் நகரவில்லை. எல்லாம் முடிந்தது, முதலாளியிடம் என்ன சொல்லப் போகிறோம் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, கொஞ்சம் அழவும் செய்தேன்.

தொழிற்சாலைக்குள் மூச்சு வாங்க ஓடினால், லெட்சுமி அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிவப்புத் தட்டு மடியில். உடைக்கும் கருவி பக்கத்து மேசையில்.

"இன்னும் உடைக்கலீங்களா?"

"எப்படி உடைக்கிறது? கஸ்டமர் இங்க இருந்தா கஸ்டமர் முன்னாடிதான் உடைக்கணும். அதுதான் ரூல்ஸ். காலையிலேருந்து உங்களுக்காக உக்காந்திருக்கேன்."

உயிர் போய் உயிர் வந்தது. எந்த விதியை நேற்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேனோ, அதே மாதிரி இன்னொரு விதி எனக்காகக் காவல் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் எல்லாம் கரைந்துவிட்டது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, தட்டு உங்க மடிய விட்டு நகர வேண்டாங்க. உங்க கையாலயே ஒண்ண எடுத்து மேசையில வையுங்க. நம்பரப் பார்த்ததும் நீங்களே உடைச்சிருங்க. என் முன்னாடிதான?"

அவர் தட்டை மடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். "என் கைய விட்டுப் போகாது" என்றார்.

"போகாதுங்க."

"பார்த்ததும் உடைப்பேன்."

"உடையுங்க."

குமிழி பெரிதாக விழுந்த துண்டாகப் பார்த்து அவரே எடுத்தார். சோதனை மேசையில் வைத்தார். சந்திரன் விளக்கைப் போட்டார். திரையில் சென்சாரின் கட்டங்கள் சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நடுவில், குமிழி இருந்த இடத்தில் மட்டும், அதே வட்ட வடிவத்தில், பளீரென்று வெள்ளை. காற்று பட்ட லென்ஸ்கள் எல்லாம் விழித்துக்கொண்டிருந்தன. சந்திரன் எண்ணை வாசித்தார். வட்டத்துக்கு வெளியே பழைய வெளிச்சம். உள்ளே ஒன்றரை மடங்கு.

நான் கையைத் தட்டிக் கத்தினேன். அந்த உடைக்குள் கையுறைச் சத்தம்தான் வந்தது. சந்திரன் "அக்கா! அக்கா!" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. லெட்சுமி அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு துண்டை எடுத்து வைத்தார். அதில் குமிழி ஓரத்தில். வெள்ளையும் ஓரத்தில். மூன்றாவதை வைத்தார். அதற்கு மேல் அவருக்கும் சந்தேகம் இல்லை.

"பசை போட்டா விளக்கு நல்லா எரியும். நான் இத்தன வருஷமா பார்த்திருக்கேன்" என்றார் மெல்ல. "இது பார்க்கிற கண்ணு. விளக்கு இல்ல."

"ஆமாங்க அக்கா."

"படத்த எல்லாம் சேவ் பண்ணிட்டியா சந்திரன்?" என்று கேட்டார். பண்ணிவிட்டேன் என்றார் அவர். லெட்சுமி அக்கா உடனே கருவியை எடுத்து, எங்கள் கம்பெனி இதுவரை கண்டதிலேயே மிக நல்ல சென்சார்கள் மூன்றையும் என் கண் முன்னால் 'நறுக் நறுக்' என்று நொறுக்கினார். சொன்னது சொன்னதுதானாம்.

வியாழக்கிழமை புதிதாகச் செய்தோம். படத்துக்குச் சட்டம் போடுவதுபோலக் கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் பசை, நடுவே வெறும் காற்று. அடுப்பில் வைத்துப் பசையை இறுக்கியபோது உள்ளே சூடான காற்று விரிந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டது. முதல் தட்டு முழுக்கப் போயிற்று. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பசைக்கோட்டில் மூச்சு விட ஒரு சின்ன வழியை விட்டு, சூடு ஆறிய பின் அதை அடைத்துவிடலாம் என்று நானும் சந்திரனும் கோப்பி ஓ குடித்தபடி முடிவு செய்தோம். கோப்பி ஓ என்றால் பால் இல்லாத காப்பி. அதிலும் சர்க்கரை உண்டு. அந்தத் தீவில் கசப்பாக எதுவும் கிடைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது தட்டு அடுப்பிலிருந்து வந்தது. தொழுகைக்குப் போன மலாய் நண்பர்கள் திரும்பி வரும்வரை சோதனை மேசைக்கு ஆள் இல்லை. அந்த நேரத்தை ஓட்டுவதற்குள் என் நகம் எல்லாம் தீர்ந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக வைத்தார்கள். வட்டம் இல்லை, ஓரம் இல்லை. மூலைக்கு மூலை, முதல் துண்டு முழுக்க வெள்ளை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. எங்கள் ஊர் ஆய்வகத்தில் அல்வா தின்ற நாளில் வந்ததே, அதே ஒன்றரை மடங்கு இங்கேயும் வந்தது.

ஊரிலிருந்து எடுத்துப்போன தோல் உளுந்தைப் பையிலிருந்து எடுத்தேன். அதோடு ஒரு கறுப்புக் கல்லும் கொண்டுபோயிருந்தேன். விமான நிலையத்தில் அதற்கு ஒரு விசாரணை நடந்தது தனிக்கதை. இரண்டையும் சென்சாரின் முன்னால் வைத்தோம். பழைய சென்சாரில் இரண்டும் ஒரே கறுப்பு. புதிய சென்சாரில் உளுந்தின் ஓரத்தில் முளை விடும் அந்த வெள்ளைக் கண் தெரிந்தது, தோலின் மினுமினுப்பு தெரிந்தது. கல் கல்லாகத் தெரிந்தது. இவ்வளவு காலம் இருட்டில் நின்றிருந்த எனக்கு வெட்கமில்லாமல் கண்ணீர் வழிந்தது.

முதலாளிக்குப் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"லென்ஸ் கெடச்சுதாம்மா?"

"கெடச்சுதுங்க. அங்கயேதான் இருந்துச்சு. வேலைய மூட வேண்டாம், ஆலைக்காரங்களுக்குச் சொல்லிருங்க."

அந்தப் பக்கம் அவர் யாரையோ அழைத்துக் கத்தும் சத்தம் கேட்டது. என் குழுவினர் விசில் அடித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று தமிழில் மூன்று தடவை சொன்னேன். பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்ணுக்கு அர்த்தம் புரியவில்லை, ஆனாலும் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

விடைபெற்றுக்கொள்ள லெட்சுமி அக்காவைத் தேடிப் போனேன். நுண்ணோக்கியில் குனிந்து புதிய தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுப்பதும், திருப்புவதும், வைப்பதுமாக இருந்தார். திடீரென்று ஒன்றை இடுக்கியால் தூக்கி, ஒரு கணமும் யோசிக்காமல் சிவப்புத் தட்டில் போட்டார். நான் பாய்ந்து கிட்டே போனேன்.

"ஏனுங்க அக்கா? என்ன ஆச்சு?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"மூலையில பசை உள்ள ஓடிருச்சு தங்கச்சி. காத்து பத்தல. ரிஜெக்ட்."